பேச்சியக்கா கடையில் புகையே வரவில்லை

எங்கள் வீட்டு அடுப்படிக்குள் எனக்கு அனுமதி கிடையாது. காபி வேண்டுமென்றால் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். தென்காசி வட்டாரம் முழுக்க அடுப்பு மூட்டச் சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். என் வீட்டுக்காரி அத்தனை வருடமும் கேஸில்தான் சமைத்தாள். "இவரு ஊருக்குத்தான் அடுப்பு சார். வீட்டுல ஒரு விளக்கு பொருத்தணும்னா நாலு தீக்குச்சி ஆவும்" என்பது அவள் எனக்கு வழங்கியிருக்கும் நற்சான்றிதழ். அலுவலகம் கொடுத்த சான்றிதழ்களைவிட இதில் உண்மை அதிகம்.

இப்போது சிலிண்டர் பதிவு செய்தால் வந்து சேர நாள் இழுக்கிறது என்று மெஸ்காரர்களும் டீக்கடைக்காரர்களும் மறுபடி விறகைத் தேடுகிறார்கள். ராக்கெட் அடுப்புக்குத் திடீர் மவுசு. என் பழைய அலுவலகத்தில் ஒரு கையேடு போடுகிறார்கள். "எரிபொருள் தேர்வும் பக்குவமும்னு ஒரு பகுதி, அனுபவத்தோட எழுதித் தாங்க சார்" என்றார்கள். அனுபவத்தோடு எழுதி அனுப்பினேன். ரெண்டே நாளில் அங்கே இப்போது பொறியாளராக இருக்கும் பெண் போன் பண்ணினாள்.

"சார், எல்லாம் பிரமாதம். அந்தப் பேச்சியம்மாள் கடை விஷயத்தை மட்டும் எடுத்துரட்டுமா? உங்களுக்கு மரியாதையா இருக்காதுல்லா?"

"எடுத்துரும்மா" என்றேன்.

எடுத்துவிட்டார்கள். கையேட்டில் நான் தப்பே செய்யாத மனிதனாக ஒன்றேகால் பக்கம் நிற்கிறேன். படித்தபோது எனக்கே என் மேல் பக்தி வந்தது. எடுத்துப் போட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடுப்பைப் பற்றி. ராக்கெட் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம், அது எங்கேயும் போகாது. படுத்திருக்கும் ஒரு வாய், நிமிர்ந்து நிற்கும் ஒரு தொண்டை, அவ்வளவுதான் அதன் உடம்பு. வாயில் விறகை நீட்ட வேண்டும். நுனி மட்டும் எரியும். தீ தொண்டை வழியாக மேலே ஏறும், மேலே பாத்திரம். விறகு ஒரு தகட்டின் மேல் கிடக்கும், தகட்டுக்குக் கீழே காற்று போகும். தொண்டையைச் சுற்றிச் சூடு கசியாமல் காப்பு இருப்பதால், புகையாக வெளியேற வேண்டியதுகூட உள்ளேயே எரிந்துவிடும். கொஞ்ச விறகு, நிறையத் தீ. ஆனால் கண்டதையும் தின்னாது. மூன்று கல் அடுப்பு நம்ம வீட்டுப் பெரியப்பா மாதிரி, எதைப் போட்டாலும் முனகிக்கொண்டே சாப்பிட்டுவிடும். ராக்கெட் அடுப்பு தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை.

எனக்குப் பயிற்சி பன்னிரண்டு நாள். பதினோரு நாள் கரும்பலகையில் அடுப்பு எரிந்தது. பன்னிரண்டாம் நாள் நிஜ அடுப்பைக் காட்டுவதாக இருந்தார்கள். மழை வந்துவிட்டது. அணைந்த அடுப்பைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

அந்தப் பயிற்சியோடு போய் வாசுதேவநல்லூரில் மகளிர் குழுவுக்கு முதல் செயல்விளக்கம் கொடுத்தேன். முந்தின நாள் வெட்டிய வேப்பங்கிளையை வாய் நிறைய அடைத்தேன். நாற்பது பெண்களும் தேம்பித் தேம்பிக் கண்ணைத் துடைத்தார்கள். "யாருக்கு சார் காரியம்?" என்று வாசலில் ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார். அந்த மாத அறிக்கையில், 'திட்டத்தைப் பெண்கள் கண்ணீர் மல்க வரவேற்றனர்' என்று எழுதினேன். மேலே அனுப்பினார்கள். மேலே இருந்தவர்கள் பாராட்டினார்கள்.

பாராட்டாத ஒரே ஆள் சாராள் மேடம். அந்த வருடம்தான் எங்களுக்கு உதவிப் பொறியாளராக வந்திருந்தார். அறிக்கையை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சுடலைமுத்து, என்ன விறகு?"

"வேம்பு, மேடம்."

"எப்ப வெட்டுனது?"

கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தியில் துடைக்க ஆரம்பித்தார். அதுதான் அவர் பாணி. அதட்ட மாட்டார், விளக்கக் குறிப்பு கேட்க மாட்டார். கேள்வியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட வேண்டும். வந்த பதில் பொய்யாக இருந்தால் மறுபக்கத்துக் கண்ணாடியையும் துடைப்பார். மூன்றாவது தடவை துடைக்க அவர் கண்ணாடியில் இடமில்லை. அதற்குள் எல்லாரும் உண்மையைச் சொல்லிவிடுவோம்.

விறகைச் சோதிக்க அவர் கையாண்ட முறையை அப்படியே எழுதுகிறேன், கையேட்டிலும் இருக்கிறது. ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைப்பார். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும், காய்ந்தது உடம்புக்கு ஒத்துப்போகும். பிறகு இரண்டு கட்டையைக் காதருகே தட்டுவார். காய்ந்தது 'டங்'கென்று கேட்கும். ஈரக்கட்டை, சாப்பிட்டுப் படுத்தவனை எழுப்பின மாதிரி 'ம்ப்' என்று சொல்லும். பிறகு சாவிக்கொத்தை எடுப்பார். அதில் ஒரு குழந்தை வளையல் கோத்திருக்கும், இரும்பு வளையல். அதற்குள் நுழையாத கட்டையைப் பிளந்துதான் போட வேண்டும். பிளந்தால்தான் நடுவில் ஒளிந்திருக்கும் ஈரமும் வெளியேறும். நீளம் ஒரு முழங்கை. அதற்கு மேல் நீட்டினால் கனத்தில் சரிந்து கீழே விழும், தீயும் கூடவே விழும். அடுப்பு வாயில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது, மீதிப் பாதி காற்றுக்கு. பற்றவைக்கத் தென்னம்பாளையைக் கீறி, கொஞ்சம் தேங்காய் நார். மண்ணெண்ணெய், சைக்கிள் டியூப், பால் பாக்கெட் எதுவும் கூடாது. காயப்போட்ட விறகை அடுப்பை ஒட்டி அடுக்கக் கூடாது. நாலாபுறமும் தார்பாய் கட்டி உள்ளே உட்கார்ந்து எரிக்கவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத கெட்ட வாயு இருக்கும், ஆளைத் தூங்கவைத்தே கொண்டுபோய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால் அவர் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. கட்டையைக் கையில் எடுத்தவுடன், "இது முன்ன என்னவா இருந்துச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்டு நாங்கள் பின்னால் நின்று சிரித்திருக்கிறோம். விறகுக்கு ஜாதகம் பார்க்கிறார், பூர்வஜென்மம் கேட்கிறார் என்று. அரளியாக இருந்ததா, கள்ளியாக இருந்ததா, பெயிண்ட் அடித்த ஜன்னலா, ஒட்டுப்பலகையா, தண்டவாளத்துக்குக் கீழே எண்ணெய் குடித்துக் கிடந்த கட்டையா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். எல்லாமே எரியும். எரிவதெல்லாம் விறகு ஆகாது என்பது அவர் கட்சி.

இனி பேச்சியக்கா.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் சீசனுக்கு மட்டும் போடுகிற கடை வரிசை ஒன்று. மொத்தம் பன்னிரண்டு கடை. அதில் கடைசிக் கடை பேச்சியம்மாளுடையது. இட்லி, பூரி, மிளகாய்ச் சட்னி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், எனக்கு அக்கா. சீசன் மூன்று மாதம் ஓடினால்தான் மீதி ஒன்பது மாதம் அந்த வீடு ஓடும். அந்த வருடம் அவர் கடைப் புகை குளிக்க வருகிறவர்கள் முகத்தில் அடிக்கிறது என்று இரண்டு தடவை புகார் போய்விட்டது. கடைகளுக்கு இடம் ஒதுக்குகிற அதிகாரி வந்து, இன்னொரு தடவை புகை வந்தால் இடத்தைப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று நாளில் பார்வைக்கு வருவார்.

அக்கா நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "சார், புகையில்லாம எரியுத அடுப்பு உங்ககிட்டதான் இருக்காம்லா?"

"இருக்கு அக்கா. ஒரு பொட்டுப் புகை வராது. நான் பொறுப்பு" என்றேன்.

'நான் பொறுப்பு' என்று சொல்கிற ஆளை நம்பவே கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரே நாளில் இரட்டை வாய் ராக்கெட் அடுப்பு வைத்துக் கொடுத்தேன். அடுப்பு தயார். விறகுதான் இல்லை. சாரல் நேரத்தில் குற்றாலத்தில் காய்ந்த பொருள் என்று ஒன்று கிடையாது. தீப்பெட்டியே நமத்துப்போய்க் கிடக்கும். ஊரே ஈரத்துண்டோடு அலையும், விறகு மட்டும் என்ன செய்யும்?

அப்போதுதான் வேலு அண்ணாச்சி விறகுக்கடைக்குப் போனேன். நல்ல மனிதர். தகரக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஓர் அடுக்கைக் காட்டினார். மலையடிவாரத்தில் பழைய காட்டேஜ்களை இடித்தபோது வந்த தூண், கைப்பிடிச் சட்டம் எல்லாம். அழகாகப் பிளந்து அடுக்கியிருந்தார்.

"சார், இருவது வருசம் மழையில நின்ன மரம். ஒரு கரையான் தொட்டதில்ல, பாத்துக்கிடுங்க."

கன்னத்தில் வைத்தேன். இதமாக இருந்தது. தட்டினேன். கோயில் மணி மாதிரி கேட்டது. மேடத்தைப் பார்த்து நானும் ஒரு வளையல் வாங்கி வைத்திருந்தேன். அதில் சர்ரென்று நுழைந்தது. முன்ன என்னவாக இருந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை, காட்டேஜாக இருந்தது. அதுவும் சுற்றுலாப் பயணிகள் தங்கிய காட்டேஜ். எனக்கு அதில் ஒரு கௌரவம்கூடத் தோன்றியது. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அடுக்கின் மேல் பெரிதாக ஒரு 'ரைட்' போட்டேன்.

இருபது வருடமாக ஒரு கரையானும் தொடாத மரத்தை நான் தொட்டேன். கரையானுக்கு இருந்த படிப்பு எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். அடுப்பு ஜம்மென்று எரிந்தது. புகையே இல்லை. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், வெள்ளைக் கைக்குட்டையைத் தொண்டைக்கு மேலே பிடித்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"இதாங்க மாதிரிக் கடை" என்றார். "என்ன விறகு?"

"வேலு அண்ணாச்சி கடை விறகு சார். நானே தேர்வு செஞ்சது."

"எல்லாக் கடைக்கும் இதே அடுப்பு, இதே விறகு. இன்னிக்கே சொல்லிருங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாரேன். இப்படியே இருந்தா இந்தம்மாவுக்கு இந்த எடம் உறுதி."

எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். சாரலில் நனைந்து அது என் தோளிலேயே ஒட்டிக்கொண்டது. அப்படியே வீட்டுக்குப் போனேன். "யாரைக் குளிப்பாட்டப் போனீய?" என்றாள் வீட்டுக்காரி.

அடுத்த பதின்மூன்று நாளும் நான் பெரிய மனிதனாக இருந்தேன். காலையிலும் சாயங்காலமும் அக்கா கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அடுப்பைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே இட்லி சாப்பிட்டேன். மற்ற பதினோரு கடைக்காரர்களுக்கும் அதே அடுப்பு, அதே விறகு. வரிசை முழுக்க ஒரு பொட்டுப் புகை கிடையாது.

பதினான்காம் நாள் காலையில் சாராள் மேடம் பார்வைக்கு வந்தார். மறுநாள் அதிகாரி வரப்போகிறார், அதற்கு முன்னால் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று. நான் ஒரு கல்யாண வீட்டுக்காரனைப் போல வரவேற்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தீயைப் பார்த்தார். தீயின் ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பச்சை வந்து வந்து போனது. நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு கட்டையை எடுத்தார். கன்னத்தில் வைக்கவில்லை, தட்டவில்லை.

"சுடலைமுத்து, இது முன்ன என்னவா இருந்துச்சு?"

"மரமா இருந்துச்சு, மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"காட்டேஜா இருந்துச்சு, மேடம். தூணு."

கட்டையைத் திருப்பிக் காட்டினார். மேல்பக்கத்தில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கீறல்கள், ஊசி குத்தின மாதிரி. வெட்டுவாயில் ஓரம் மட்டும் லேசான பச்சை, நடுவில் மர நிறம். நான் அந்தக் கீறலை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"மருந்து ஏத்துன மரம். கீறல் போட்டாத்தான் மருந்து உள்ள எறங்கும். செம்பு, குரோமியம், கூட ஆர்சனிக். ஆர்சனிக்குன்னா நம்ம ஊர்ல என்னன்னு சொல்லுவாங்க?"

"பாஷாணம், மேடம்" என்றேன். இந்தப் பதிலுக்கு அவர் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

"எரிச்சா கொஞ்சம் புகையில போவும். மிச்சம் பூராவும் சாம்பல்ல நிக்கும். சாம்பல என்ன செய்யுதாங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் பேச்சியக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு இட்லிக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று தேய்த்திருந்தார். நம்ம பக்கத்தில் விறகடுப்பு இருக்கிற வீட்டில் யார்தான் சாம்பலைத் தூரப் போடுவார்கள்? பாத்திரத்துக்குச் சாம்பல், கையைக் கழுவச் சாம்பல். அடுப்பு வைக்கிற ஆள், சாம்பல் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மேடம் அக்காவின் பக்கத்தில் போய்க் குனிந்து, "கையக் காட்டுங்க" என்றார்.

விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. "ஒரு வாரமா அரிப்பு, மேடம். சாரல்ல நிக்கது ஒத்துக்கிடலன்னு இருந்துட்டேன்" என்றார் அக்கா.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அடுப்பை அணைத்தோம். விசாரித்த வரை சாம்பல் கடையைத் தாண்டி வேறெங்கும் போகவில்லை. மேடம் சொன்னபடி நான் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, சாம்பல் பறக்காதபடி தண்ணீர் தெளித்து, ஈரமாகவே அள்ளி, இரட்டைச் சாக்கில் கட்டினேன். பெருக்கக் கூடாது, ஊதக் கூடாது. கீறலுக்குள் சாம்பல் தங்கியிருக்கும் என்று, தேய்த்துக் கீறல் விழுந்த பாத்திரங்களை ஒதுக்கிவைத்தோம். அக்காவையும், கடையில் கூட வேலை பார்த்த அவர் தங்கச்சியையும், தினமும் இரண்டு வேளை தின்ற என்னையும் மேடம் தென்காசியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சோதித்துவிட்டு, நல்லவேளை இத்தோடு நின்றது, கை ஆறிவிடும், இனி அந்தச் சாம்பல் படவே கூடாது என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணுமில்ல. இட்லியைக் கொறைங்க" என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் பேச்சியக்கா வாயைத் திறந்தார்.

"அந்த வெறகுல சாக்பீஸால கோடு போட்டது நீங்கதான?"

"நாந்தான், அக்கா."

"நான் பொறுப்புன்னு சொன்னதும் நீங்கதான?"

"நாந்தான்."

"நாளைக்கு அவரு வாராரு. எம்புட்டு வருசமா நிக்கேன் அந்த எடத்துல. பொகையில போவப் பாத்துது, இப்ப உங்க பொறுப்புல போவப் போவுது." கையில் மருந்துத் துணி சுற்றியிருந்தது. அந்தக் கையால் முந்தியை இழுத்துச் சொருகிக்கொண்டார். "மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். வெறகு கொண்டாங்க."

அப்போது மணி பதினொன்று இருக்கும். மேடம் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கெழக்க."

சாரல் மலையடிவாரத்தோடு சரி. நாலு ஊர் தள்ளிப் போனால் வெயில் மண்டையைப் பிளக்கும். குற்றாலத்து ஜூஸ் கடைகளுக்குப் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை கொண்டுவருகிற டெம்போ ஒன்று காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மேடம் சொன்ன திசையும் டெம்போ போன திசையும் ஒன்றில்லை என்றாலும் ஏறிக்கொண்டேன். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டங்களின் வரப்போரம், கவாத்து பண்ணிப் போட்ட பட்டுப்போன கொம்புகள் ஒரு வருட வெயிலில் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. கட்டைவிரல் தடிமன், பிளக்க வேண்டிய வேலைகூட இல்லை.

தோட்டக்காரரிடம், "அண்ணாச்சி, இது முன்ன என்னவா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எலுமிச்சையா இருந்துச்சு."

"அதுக்கும் முன்ன?"

"எலுமிச்சங்கன்னா இருந்துச்சு. வெயில்ல ரொம்ப நேரம் நின்னீயளோ?"

"பெயிண்டு, மருந்து ஏதாவது?"

"வெட்டிப் போட்டு ஒரு வருசமாச்சு. வெட்டுன கொம்புக்கு எவன் மருந்தடிப்பான்? நிழல்ல உக்காருங்க, மோர் தாரேன்."

எலுமிச்சைக் கொம்பில் முள் இருக்கும் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கட்டி முடித்தபோது என் இரண்டு கையிலும் பேச்சியக்கா கையைவிட அதிகக் கீறல். தார்பாயில் நனையாமல் சுற்றி, அடுத்த எலுமிச்சை லோடோடு சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தேன். மேடம் கட்டை கட்டையாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். அவர் கன்னத்திலும் ஒரு முள் குத்தியது. அதற்கும் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார், கூட நாலு பேர். அக்கா அப்போதுதான் புதுக் கொப்பரை ஏற்றி அடுப்பைப் பற்றவைத்திருந்தார். எப்பேர்ப்பட்ட காய்ந்த விறகும் பற்றுகிற முதல் ஐந்து நிமிடம், தொண்டை சூடாகிற வரை, கொஞ்சம் புகைந்துதான் அடங்கும். அதுதான் இயற்கை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் அதிகாரி வந்துவிட்டார். அதுவும் இயற்கைதான்.

புகை ஒரு சின்னக் கோடாக எழுந்து அவர் மூக்கருகே வளைந்தது.

"என்னய்யா இது? போன தடவ ஒரு பொட்டுப் புகை இல்ல. இப்ப வருது?"

மேடம் பக்கத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவர் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. ஆனாலும் துடைத்தார்.

"சார்," என்றேன், "போன தடவ புகையில்ல, விஷம் இருந்துச்சு. இந்தத் தடவ விஷமில்ல, கொஞ்சம் புகை இருக்கு. போன தடவ வெறகு தேர்வு பண்ணது நான். இந்தம்மா கையப் பாருங்க. அதுவும் நான்தான்."

முழுக் கதையையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. கடைக்கு முன்னால் இட்லிக்கு நின்றவர்கள் 'விஷம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ரெண்டடி பின்னால் போனார்கள்.

"அப்ப பதினாலு நாளா விஷ வெறகுல இட்லி போட்டிருக்கீங்க," என்றார் அதிகாரி. "இந்தக் கடைய மூட வேண்டியதுதான்."

பேச்சியக்கா கரண்டியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"மூடுங்க சார். நான் வேண்டாங்கல. அங்கனருந்து வரிசையா மூடிட்டு வாங்க, கடேசியா நான் மூடுதேன். நீங்கதான எல்லாரையும் அந்த வெறகையே வாங்கச் சொன்னீய?"

அதிகாரி திரும்பி வரிசையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பதினோரு கடை. பதினோரு அடுப்பும் காலை வியாபாரத்துக்கு நின்று எரிந்துகொண்டிருந்தன. ஒன்றிலும் ஒரு பொட்டுப் புகை இல்லை. நேற்றிலிருந்து அக்கா கடைக்கு அலைந்த அலைச்சலில், மற்ற கடைகளுக்கு நான் சொல்லவே இல்லை. என் தப்புக் கணக்கில் அது இரண்டாவது. கையேட்டுக்காரர்களுக்கு இது தெரியாது.

சாராள் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "நேத்தே எல்லாத்தையும் நிறுத்தியிருக்கணும். நானும் விட்டுட்டேன்" என்றார். பிறகு அதிகாரியிடம், "சார், இன்னிக்கு இந்த வரிசையில சந்தேகமில்லாத கடை இது ஒண்ணுதான். இதுலதான் புகை வருது."

அதிகாரி மற்ற கடைகளின் பக்கம் கண்ணை ஓட்டினார். புகையில்லாக் கடைகளைப் பற்றி அவர் போட்ட சுற்றறிக்கை ஒவ்வொரு கடையிலும் கண்ணாடிக் காகிதம் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கூட வந்த நாலு பேரும் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்தார்கள். பிறகு பேனாவை எடுத்து அக்காவின் தாளில் கையெழுத்துப் போட்டார். மற்ற கடைகளை அணைக்கச் சொல்லி ஆளை அனுப்பினார்.

அந்தப் பதினோரு கடைக்காரர்களையும் அதே டாக்டரிடம் காட்டினோம், பதினோரு கடைச் சாம்பலையும் பிற்பாடு நானே அள்ளினேன். முகமூடியும் கையுறையுமாக நான் குனிந்து அள்ளியதைக் குளிக்க வந்த ஒரு குடும்பம் என்னவென்று நினைத்ததோ, குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டது. கட்டிய மூட்டைகள் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தவை என்பதற்குக் கடிதப் போக்குவரத்து நீண்ட நாள் நடந்தது. முடிகிற வரை அவை பூட்டிய அறையில் என் பெயர் எழுதி இருந்தன. வேலு அண்ணாச்சி மீதி விறகைத் தொடாமல் பூட்டிவைத்திருந்தார், அதுவும் மூட்டைகளோடு ஆபத்தான கழிவு வாங்குகிற இடத்துக்குப் போனது. "ஏதோ கரையானுக்கு மருந்துன்னு செஞ்சிருக்கானுவ" என்று மட்டும் அண்ணாச்சி சொன்னார். அதெல்லாம் பின்னால்.

அன்று காலைக்கு வருகிறேன். தாளில் கையெழுத்து விழுந்துவிட்டது. தொண்டை சூடாகிப் புகையும் நின்றுவிட்டது. எலுமிச்சைக் கொம்பு பச்சை கிச்சை எதுவும் இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. ஆனால் கடைக்கு முன்னால் கூட்டம் அப்படியே ரெண்டடி தள்ளி நின்றது. கிட்டேயும் வரவில்லை, போகவும் இல்லை. ஈரத்துண்டோடு வேடிக்கை பார்த்தார்கள். இடம் கிடைத்தது, சாப்பிட ஆளில்லை.

அக்கா முதல் ஈடு இட்லியை எடுத்தார். அதிகாரிக்கு வைக்கவில்லை, மேடத்துக்கு வைக்கவில்லை. வாழையிலையை என் முன்னால் பெஞ்சில் விரித்து நாலு இட்லியை வைத்தார்.

"உக்காருங்க சார்."

"எனக்குப் பசிக்கல, அக்கா. டாக்டர்கூட..."

"பசிக்குன்னு யாரு குடுக்கா? எல்லாரும் பாக்கட்டும். நல்லா ரோட்டப் பாத்து உக்காருங்க."

ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன், ஒரு பெண் தன் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இரண்டாவது முடிந்தது. மூன்றாவது முடிந்தது. "ஆளு நல்லாத்தான் இருக்காரு" என்றார் ஒருவர். "கொஞ்ச நேரம் பாப்போம்லே" என்றார் இன்னொருவர். நாலு முடிந்ததும் அக்கா கேட்காமலே இன்னும் நாலு வைத்தார். காரச் சட்னியில் கண்ணில் தண்ணீர் வந்தது. யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஏழாவது இட்லியை நான் விழுங்கும்போதுதான், எண்ணெய் தேய்த்த உடம்போடு நின்ற ஒரு அண்ணாச்சி வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். "ஒரு செட்டு வைங்கம்மா" என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள்.

அக்கா அவருக்கு இலை போட்டுவிட்டு, எட்டாவதில் கை வைக்காமல் எழுந்திருக்கப் பார்த்த என்னைப் பார்த்தார்.

"இருங்க சார். இன்னும் கூட்டம் வரல."